உள்ள – உடல் ஆய்வுகளும் அறக்கட்டளை நிதியும்

முன்னுரை

உள்ளத்தின் நிலை உடலின் நோயையும் நலத்தையும் எவ்வாறு பாதிக்கிறது என்னும் வினா, மருத்துவத்தின் எந்த ஒரு துறைக்கும் முழுமையாக உரியதன்று. ஆகவே துறைவாரியாகப் பகுக்கப்படும் நிதியில் அதற்கு உரிய இடம் கிடைப்பது அரிது. இவ்விடைவெளியை நிரப்பியவற்றுள் தனியார் அறக்கட்டளைகள் குறிப்பிடத்தக்கன. அவற்றின் பங்களிப்பையும் அதனுள் அமைந்த இடரையும் இரு அமெரிக்க அமைப்புகளின் வழி இக்கட்டுரை விளக்குகிறது.

மேசி அறக்கட்டளை

கேட் மேசி லாட் என்னும் அம்மையார் தம் தந்தையின் நினைவாக 1930இல் ஜோசையா மேசி ஜூனியர் அறக்கட்டளையை நிறுவினார். கட்டடங்களைக் காட்டிலும் கருத்துகளை உருவாக்குவதிலேயே அது நாட்டம் கொள்ள வேண்டும் என்பது அவரது விருப்பம். ஹெலன் பிளாண்டர்ஸ் டன்பரின் ஆய்வுகளுக்கு இவ்வறக்கட்டளை துணைநின்றது. உணர்ச்சிகளுக்கும் உடல் மாற்றங்களுக்கும் உள்ள தொடர்பு குறித்து அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்து, 1935இல் அவர் நூலாக வெளியிட்டார். 1939இல் உளவுடல் மருத்துவத்திற்கெனத் தனி ஆய்விதழும் தோன்றியது.

1946 முதல் 1953 வரை இவ்வறக்கட்டளை நடத்திய பத்துக் கருத்தரங்குகளில் நார்பர்ட் வீனர், மார்கரெட் மீட் முதலியோர் கலந்துகொண்டனர். ஒரு செயலின் விளைவே மீண்டும் அச்செயலை நெறிப்படுத்தும் ‘பின்னூட்டம்’ என்னும் கருத்து அங்கு விரிவாக ஆராயப்பெற்றது. உள்ளம் காரணமா, உடல் காரணமா என்னும் ஒருவழி வினாவை இருவழி உறவாக மாற்றி நோக்க இக்கருத்து உதவியது.

மனிதச் சூழலியல் நிதியம்

1950களில் நரம்பியல் அறிஞர் ஹெரால்டு உல்ஃபின் தலைமையில் மனிதச் சூழலியல் ஆய்வுக் கழகம் இயங்கியது. தலைவலி, மன அழுத்தம் ஆகியவை குறித்த ஆய்வுகளால் அவர் பெரும்புகழ் பெற்றிருந்தார். வெளிப்பார்வைக்குத் தனித்தியங்கிய இக்கழகம், உண்மையில் சி.ஐ.ஏ. உளவு நிறுவனத்தின் நிதியை மறைமுகமாக வழங்கும் வாயிலாக இருந்தது. நிதி பெற்றோருள் பலர் இதனை அறியார்.

மான்ட்ரியல் நகரில் மருத்துவர் எவன் கேமரூன் இந்நிதியையும் பெற்று ஆய்வு நடத்தினார். சிகிச்சை நாடி வந்தோர் மீது தொடர் மின்னதிர்ச்சி, நெடுநாள் மருந்துறக்கம் ஆகியன அவர்தம் உரிய ஒப்புதலின்றிச் செலுத்தப்பட்டன. 1977இல் அமெரிக்க செனட் விசாரணையில் இம்மறைநிதித் திட்டம் வெளிப்பட்டது. வழக்குத் தொடுத்த கனடிய நோயாளிகளுக்கு 1988இல் 7,50,000 டாலர் இழப்பீடு வழங்க உடன்பாடு ஏற்பட்டது.

மேசி அறக்கட்டளையும் சிறிது காலம் இத்தகைய வாயிலாகப் பயன்பட்டது என ஜான் மார்க்ஸ் 1979இல் வெளியிட்ட நூலில் குறிப்பிடுகிறார். எனவே நற்பெயர் மட்டுமே நம்பகத்திற்குச் சான்றாகாது.

முடிவுரை

துறைகளுக்கு இடைப்பட்ட வினாக்களை அறக்கட்டளைகள் வளர்த்துள்ளன என்பதில் ஐயமில்லை. ஆயினும் நிதியின் மூலம் எது, ஆய்வுகளைத் தேர்ந்தெடுப்போர் யாவர், எதிர்பார்ப்புக்கு மாறான முடிவுகளும் வெளியிடப்படுகின்றனவா, ஆய்வுக்குட்படுவோர் அறிந்தே ஒப்புதல் அளித்தனரா என்னும் நான்கு வினாக்களுக்கும் வெளிப்படையான விடை வேண்டும். ஆய்வேட்டில் இடம்பெறும் நிதியுதவிக் குறிப்பு வெறும் நன்றியுரை அன்று. அதுவும் ஆய்வின் சான்றுகளுள் ஒன்றே ஆகும்.