தாயை மட்டும் காட்டும் மரபணு

ஜூலை 26 உலக அலையாத்தி நாள். அதற்குள் கன்று நட்டுவிட வேண்டும் என்று முனைந்திருக்கும் ஜொகூர் வாசகர்களின் கடிதங்களில் ஒரே குழப்பம் திரும்பத் திரும்ப வருகிறது: ‘பெருஸ் மாத்தா புவாயா’ என்ற அலையாத்தி மரம் அழியும் நிலையிலுள்ள இனமா, வெறும் கலப்பினமா?

பூவைப் பார்த்தாலே சந்தேகம் வரும். துமு மேரா எனப்படும் புருகுயேரா ஜிம்னோரைசாவில் காம்புக்கு ஒரே பெரிய பூ, புல்லிவட்டம் சிவப்பு. அதே பேரினத்தின் புருகுயேரா சிலிண்ட்ரிகாவிலோ சின்னஞ்சிறு வெளிர்ப்பூக்கள் மூன்று மூன்றாகத் தொங்கும். மாத்தா புவாயாவின் பூ இரண்டுக்கும் நடுவே நிற்கிறது.

‘டிஎன்ஏ பார்த்தால் தெரிந்துவிடும்’ என்று அதிகாரிகள் சொல்லும்போது, எந்த டிஎன்ஏ என்று கேளுங்கள். தாவரங்களுக்கான பார்கோடு என்று 2009-இல் பரிந்துரைக்கப்பட்ட இரண்டு மரபணுக்களும் பசுங்கணிகத்தில் இருப்பவை. பூக்கும் தாவரங்கள் பெரும்பாலானவற்றில் பசுங்கணிகம் தாயிடமிருந்து மட்டுமே வருகிறது. மகரந்தம் தந்த மரம் அதில் தடயமே விடுவதில்லை. ஆகவே அந்தப் பரிசோதனை ஒரு கலப்பினத்தைத் தாயின் இனமாகவே துளித் தயக்கமின்றி அறிவித்துவிடும்.

மாத்தா புவாயாவைப் பற்றி 2016-இல் வெளியான ஆய்வு உட்கருவின் இரண்டு மரபணுக்களையும் சேர்த்துப் பார்த்தது. ஐந்து இடங்களின் ஒன்பது மாதிரிகளிலும் ஒரு பிரதி சிலிண்ட்ரிகாவுடையது, மற்றது ஜிம்னோரைசாவுடையது. பசுங்கணிகம் சிலிண்ட்ரிகாவை மட்டுமே காட்டியது. அதுதான் தாய். இந்தக் கலப்பு வெவ்வேறு இடங்களில் தனித்தனியே நிகழ்ந்திருக்கிறது என்றும் தெரிந்தது.

என்னை உறுத்துவது அடுத்த கட்டம். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியல் பொதுவாகக் கலப்பினங்களைச் சேர்ப்பதில்லை. மிக அருகிய இனம் என்று அதில் இடம்பெற்றிருந்த மரத்தின் தகுதியை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று அந்த ஆய்வாளர்களே எழுதினார்கள். ‘இனம்’ என்பது பட்டியல்காரர்களின் வரையறை. சேற்றில் நிற்கும் மரங்கள் அதனால் ஒன்றுகூடப் பெருகிவிடவில்லை. பட்டியலிலிருந்து பெயர் போனாலும் கோடரி அவற்றைத் தொடக்கூடாது என்பதே என் நிலை.

மற்றக் கேள்விகள்:

தமிழ்நாட்டிலும் இப்படி உண்டா? பிச்சாவரத்தின் ரைசோபோரா அன்னமலயானா, 1995-இல் விவரிக்கப்பட்ட கலப்பினம்.

ஜொகூரில் எந்த அலையாத்திக் காடுகளுக்கு ராம்சார் தகுதி? 2003 முதல் சுங்கை பூலாய், தஞ்சோங் பியாய், பூலாவ் குக்குப்.

இத்தனை ஆயிரம் கன்று நட்டோம் என்கிறார்களே? எந்த இனம், எத்தனை பிழைத்தன என்று கேளுங்கள்.

பெயர் தெரியாத கன்றை நடலாமா? பூவைப் பார்த்த தாய்மரத்திலிருந்து மட்டும் எடுங்கள்.