பழங்காசுகளைப் பேணுதல்

திருவண்ணாமலைக்கு மேற்கே, சேயாற்றின் கரையில், செங்கம் என்னும் ஊர் உளது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம் புகழ்ந்துரைக்கும் நன்னன் சேய் நன்னன் என்னும் குறுநில மன்னன் வீற்றிருந்த செங்கண்மா இவ்வூரே என்பர் அறிஞர். இதனைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் பல்லவர் காலத்து நடுகற்கள் பல நிற்கின்றன. ஆநிரை மீட்கும் போரில் உயிர்நீத்த வீரர்களின் உருவும் பெயரும் அவற்றிற் பொறிக்கப்பெற்றுள்ளன. ஆயிரம் ஆண்டுகட்கு மேலாக மழையிலும் வெயிலிலும் நின்றும், அவ்வெழுத்துகள் படித்தறியும் நிலையில் உள்ளன. அவற்றைத் தொகுத்துத் தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை 1972ஆம் ஆண்டில் தனி நூலாகவே வெளியிட்டது.

அதே செங்கம் வட்டாரத்தில், ஆண்டிப்பட்டி என்னும் சிற்றூரில், இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பழங்காசுத் தொகுதி ஒன்று கிடைத்தது. அக்காசுகள் பொன்னாலாயவை அல்ல; வெள்ளியாலாயவையும் அல்ல; ஈயத்தாலாயவை. ஆயினும் அவற்றின்மீது சங்க காலத்துக்குரிய தமிழ்ப் பிராமி எழுத்துகள் இருந்தன. தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி அவற்றை ஆராய்ந்து படித்தார். சேந்தன் என்னும் பெயர் அவற்றிற் காணப்படுகின்றது. பண்டு இப்பகுதியில் ஆட்சி புரிந்த தலைவன் ஒருவனின் பெயராக அதனைக் கொள்வர்.

கல்லெழுத்தும் காசெழுத்தும் ஒரு தன்மையன அல்ல. கல்லிற் கொத்திய எழுத்துக்கு ஆழம் உண்டு, கல்லோ வலியது. காசின்மீதுள்ள எழுத்தோ தலைமயிரின் பருமனளவே புடைத்து நிற்பது. அதிலும் ஈயம் மிக மெல்லிய உலோகம். கைந்நகத்தாற் கீறினும் அதன்மேற் கோடு விழும். ஒரு நாட்டின் வரலாறு அத்துணை மெல்லியதொரு பரப்பின்மீது நிற்கின்றது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மண்ணினுள் நெடுங்காலம் கிடந்தும் கெடாத காசு, வெளிப்பட்ட பின்னர் ஒரே நாளிற் கெட்டொழிவதுண்டு. கெடுப்பவர் பகைவர் அல்லர். பெரும்பாலும் அதனை விரும்பிக் கையிலெடுத்தவரே. கார்த்திகைத் தீபத்துக்கு முன்னர்த் திருவண்ணாமலையில் வீடுதோறும் நிகழும் ஒரு செயலை நோக்கினால் இஃது எளிதில் விளங்கும். ஆண்டு முழுதும் எண்ணெய்க் கறையேறிக் கிடந்த பித்தளை விளக்குகளையும் செப்புக் குடங்களையும் வெளியில் எடுத்துப் புளியிட்டுத் தேய்ப்பர். சிறிது நேரத்தில் அவை பொன்போல ஒளிவிடும். விளக்குக்கு அது தக்கதே. அதே கையும் அதே புளியும் வயலில் கிடைத்த பழைய செப்புக்காசின்மீது செல்லும்போதுதான் கேடு விளைகின்றது.

அக்கேடு எவ்வாறு நேர்கின்றது? செம்பு மண்ணிற் கிடக்கும்போது ஈரமும் காற்றும் உப்பும் அதனோடு வினைப்படுகின்றன. உலோகத்தை ஒட்டி முதலில் செந்நிறப் படலம் ஒன்று உண்டாகின்றது. அது செம்பும் உயிர்வளியும் கூடியது. அதன் புறத்தே, ஈரமும் கரியமிலவாயுவும் சேர, பச்சைநிறப் படலம் வளர்கின்றது. இப்படலங்களை அழுக்கு என்றே பலரும் கருதுகின்றனர். அவை வெளியிலிருந்து வந்து ஒட்டியவை அல்ல. காசின் செம்பே அவ்வாறு உருமாறியுள்ளது. அக்கசாலையில் அச்சுப் பதிந்த பழைய மேற்பரப்பு பல காசுகளில் உலோகத்தின்மேல் இல்லை, இப்படலத்தினுள்ளேயே தங்கியுள்ளது. புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் படலத்தைக் கரைக்கும்போது எழுத்தும் உடன் கரைகின்றது. எலுமிச்சைச் சாறும், பொற்கொல்லர் பயன்படுத்தும் கடிய அமிலமும் இதனினும் விரைவாக இவ்வேலையைச் செய்து முடிக்கும். செங்கற்பொடியும் சாம்பலும் கரைப்பதில்லை, அராவிவிடும்.

தமிழ்நாட்டில் மிகுதியாகக் கிடைக்கும் பழங்காசுகளுள் ஒன்று முதலாம் இராசராசனின் செப்புக்காசு. அதன் ஒருபுறத்தில் நிற்கும் உருவமும், மறுபுறத்தில் அமர்ந்த உருவமும், அதன் கையருகே நாகரி எழுத்தில் மன்னன் பெயரும் உள்ளன. புளியிட்டுத் தேய்த்த காசில் இவ்வுருவங்கள் மழுங்கிப் புழுவளைவுபோலத் தோன்றும். பெயர் இருந்த இடம் இளஞ்சிவப்பாய் வழவழப்பாய் இருக்கும். பளபளப்பைக் காட்டி விற்போர் விலையைக் கூட்டுவர். அறிந்தோர் அதனை வாங்கத் தயங்குவர். அந்தப் பளபளப்புக்கு ஆயுளும் குறைவு. சில திங்களில் அது கறுத்துப் போகும்.

இச்சிறு பரப்பின் மதிப்பை உணர்த்தும் நிகழ்ச்சி ஒன்று 1980களின் நடுப்பகுதியில் நடந்தது. நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி சதுர வடிவான பழைய செப்புக்காசு ஒன்றை ஆராய்ந்தார். அதன் ஒருபுறம் குதிரையும், மறுபுறம் மீனைக் குறிக்கும் கோட்டுருவமும் இருந்தன. குதிரைக்கு மேலே தமிழ்ப் பிராமி எழுத்தில் பெருவழுதி என்னும் பெயர் காணப்பட்டது. வழுதி என்பது பாண்டியர்க்குரிய பெயர். சங்க கால வேந்தர் தம் பெயர் பொறித்துக் காசு வெளியிட்டனரோ இலரோ என நிலவிய ஐயம் அவ்வொரு காசினால் நீங்கிற்று. அவரிடம் வந்து சேருமுன் யாரேனும் ஒருவர் அதனைப் புளித்தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்திருப்பின், குதிரை ஒருவேளை எஞ்சியிருக்கும், பெயர் எஞ்சியிராது. அவ்வாறு எஞ்சாமற்போன பெயர்கள் எத்தனையோ!

பொன் மட்டும் இவ்வகைக் கேட்டுக்கு விலக்கு. 2020ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் திருவானைக்காவல் கோயிலில் நிலத்தைச் சீர்செய்தபோது கலம் ஒன்றினுள் 505 பொற்காசுகள் கிடைத்தன. பொன்னை மண்ணின் ஈரம் அரிப்பதில்லை. அது பச்சை பூப்பதுமில்லை. ஆனால் பொன்னும் மென்மையானதே. ஒன்றோடொன்று உரசினால் தேயும்.

உரசல் என்றவுடன், காசுகளைப் பொதிந்தனுப்பும் முறையைப் பற்றிக் கூறவேண்டியதாகின்றது. இன்று பழங்காசு வாணிகம் ஊர்விட்டு ஊர், நாடுவிட்டு நாடு நடைபெறுகின்றது. பெரும்பாலான காசுகள் அஞ்சல் வழியே செல்கின்றன. வாங்குவோர் ஒவ்வொரு கோட்டையும் உருப்பெருக்குக் கண்ணாடியால் நோக்கி விலை பேசுகின்றனர். விற்போருள் சிலரோ, விலை கையில் வந்தபின், கடலை மடிப்பதுபோல அதனை மடித்து அனுப்பிவிடுகின்றனர். ஐந்தாறு காசுகளை ஒரே தாளுறையில் இட்டால், வழியெல்லாம் அவை ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டே செல்லும். வெள்ளிக்காசின் விளிம்பு ஈயக்காசின் முகத்தைக் கீறும். உறையின்மேல் அஞ்சல் முத்திரை ஓங்கி விழும்போது, உள்ளே அட்டைத் தாங்கல் இல்லையாயின், அவ்வடியைக் காசு ஏற்கும். நெடுங்காலம் மண்ணிற் கிடந்த வெள்ளி, வளையாமல் ஒடியும் இயல்பினதாகிவிடும். அத்தகைய காசு ஓரடியில் இரண்டாகும்.

காசு அசையாதிருக்கட்டும் என்று ஒட்டுநாடாவை அதன் முகத்திலேயே ஒட்டுவாரும் உளர். நாடாவைப் பிரிக்கும்போது பச்சைப் படலம் செதிலாகப் பெயர்ந்து அதனோடு வந்துவிடும். காசுறையைக் கம்பியிட்டுத் தைப்போர் கம்பி முனையை அழுத்தி மடக்காது விடுவர். காசை வெளியில் எடுக்கும்போது அம்முனை மன்னன் முகத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிடும். இக்குறைகள் அனைத்தும் சிறு சோம்பலாலேயே நேர்கின்றன. இவற்றைத் தடுக்க ஆகும் செலவோ மிகச் சிறியது.

ஒவ்வொரு காசையும் அமிலமற்ற தாளாற் செய்த தனி உறையில் இடுதல் நன்று. அவ்வுறையைக் காசினும் அகலமான இரண்டு தடித்த அட்டைகளுக்கு நடுவே வைத்து, அட்டைகளின் விளிம்பை மட்டும் நாடாவால் ஒட்டவேண்டும். அதனைச் சிறு பெட்டியில் வைத்து, எஞ்சிய இடத்தைக் கசக்கிய தாளால் நிரப்பவேண்டும். மூடியபின் காதருகே வைத்துக் குலுக்கினால் ஒலி எழக்கூடாது. எழுமாயின் மீண்டும் திறந்து பொதியவேண்டும். காசு எந்த ஊரில் எவ்விடத்திற் கிடைத்தது என்பதை எழுதிய சீட்டு, அந்தந்தக் காசின் உறையோடு இருத்தல் இன்றியமையாதது. ஆண்டிப்பட்டி என்னும் ஊர்ப்பெயர் காணாமற் போயிருந்தால், அவ்வீயக் காசுகளைச் செங்கத்தோடு இணைத்துப் பேச எவராலும் இயலாது.

உறையே காசுக்கு நஞ்சாவதும் உண்டு. பி.வி.சி. என்னும் மெல்லிய பிளாஸ்டிக் உறைகள் தொடக்கத்திற் கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல அவை சிதைந்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை வெளிவிடும். செம்பின்மேலும் வெள்ளியின்மேலும் பசுமையான பிசுக்குப் படரும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வேறொரு தொல்லை உண்டு. மண்ணிலுள்ள உப்பு செப்புக்காசினுள் குளோரைடாகத் தங்கியிருக்குமாயின், காற்றின் ஈரம் பட்டவுடன் அது அமிலமாக மாறிச் செம்பை அரிக்கும். அரித்த செம்பினின்றும் மீண்டும் அமிலம் பிறக்கும். காசின்மேல் வெளிர்பச்சைத் தூள் பூப்பது இந்நோயின் அடையாளம். பஞ்சு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளுமாதலின், அதன்மேற் காசை நெடுநாள் வைத்தல் கூடாது.

புதையலாகக் கிடைத்த காசைத் தேய்த்துப் பார்ப்பதற்கும் விற்பதற்கும் கண்டெடுத்தவர்க்கு உரிமையில்லை. 1878ஆம் ஆண்டுப் புதையற் சட்டத்தின்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் அதனை மாவட்ட ஆட்சியர்க்கு எழுத்து வாயிலாக அறிவித்தல் வேண்டும். மண்ணோடு கிடைத்ததை மண்ணோடே ஒப்படைப்பது நன்று. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் உலோகப் பொருள்களின் நோய் தீர்ப்பதற்கென 1930ஆம் ஆண்டிலேயே வேதியியல் ஆய்வுக்கூடம் ஒன்று தோற்றுவிக்கப்பட்டது. மண்ணை எவ்வளவு நீக்குவது, எங்கே நிறுத்துவது என்பதை அறிந்தவர் செய்யவேண்டிய பணி அது.

ஈயக்காசுக்கு எதிரி மரப்பெட்டி. கேட்பதற்கு இது வியப்பாகவே இருக்கும். மரத்தினின்றும் மட்டமான அட்டையினின்றும் அசெட்டிக் அமிலத்தின் ஆவி சிறிது சிறிதாக வெளிப்படுகின்றது. புளிக்காடியில் இருப்பதும் அவ்வமிலமே. மூடிய பெட்டியினுள் அவ்வாவி தங்கி ஈயத்தைத் தாக்க, சாம்பல்நிறக் காசு வெண்பொடியாக உதிரத் தொடங்கும். ஐரோப்பாவில் ஓக் மரப் பேழைகளில் அழகுற அடுக்கிவைத்த ஈயப்பொருள்கள் இவ்வாறு அழிந்ததுண்டு. எனவே ஈயத்தைக் கண்ணாடிக் குப்பியிலோ, கேடு விளைக்காத பிளாஸ்டிக் பெட்டியிலோ வைக்கின்றனர்.

வெண்பொடி படர்ந்த ஈயத்தை மீட்க ஒரு வழி உண்டு. பொடி உதிர்ந்துபோகாமல் காசின் மேலேயே நிற்குமாயின், மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தி அதனை மீண்டும் ஈயமாக மாற்றலாம். எழுத்தும் இருந்த இடத்திலேயே உறுதிப்படும். புளியிற் கரைந்த செம்பினை அவ்வாறு மீட்டெடுக்க இயலாது. அது கழுவிய நீரோடு வாய்க்காலுக்குப் போய்விட்டது.