அணியில் யார் யார் இருக்க வேண்டும்?

சீட்டாட்டம் என்றதும் ஒருவர் வெல்ல மற்றவர் தோற்பதே எவருக்கும் நினைவுக்கு வரும். மகாராட்டிரத்தின் தென்கோடியில் உள்ள சாவந்த்வாடியில் இன்றும் கையால் வண்ணம் தீட்டிச் செய்யப்படும் கஞ்சிபா என்னும் வட்டச் சீட்டுகளிலும் நெறி அதுவே. தசாவதாரக் கஞ்சிபாவில் 120 சீட்டுகள் உண்டு. திருமாலின் பத்து அவதாரங்களும் பத்துக் குலங்களாக அமைய, குலம் ஒன்றுக்கு அரசன், அமைச்சன், ஒன்று முதல் பத்து வரையிலான எண்கள் எனப் பன்னிரண்டு சீட்டுகள் இருக்கும். எத்துணை அழகான சீட்டுகளாயினும், அவற்றைக் கையில் ஏந்துவோர் ஒருவரையொருவர் வெல்லவே ஆடுகின்றனர்.

இதற்கு மாறாக, ஆடுவோர் அனைவரும் ஓரணியாக நிற்க, ஆட்டமே எதிரியாக நிற்கும் விளையாட்டுகளும் இக்காலத்தில் பெருகியுள்ளன. இவற்றைக் கூட்டுறவு விளையாட்டுகள் என்பர். வென்றால் அனைவரும் வெல்வர். தோற்றால் அனைவரும் தோற்பர். இவ்வகையில் பெயர் பெற்றது 'பாண்டமிக்' என்பது. அச்சொல்லுக்குப் பெருந்தொற்று என்று பொருள். அமெரிக்கரான மாட் லீக்காக் வடிவமைத்த இவ்விளையாட்டு 2008ஆம் ஆண்டு வெளிவந்தது. பலகையும் கட்டைகளும் இதில் இருந்தாலும், ஆட்டத்தை நடத்துபவை சீட்டுகளே.

புனே நகரத்துப் பிள்ளைகளுக்கு இவ்விளையாட்டு பிற நகரத்தாரைவிடச் சற்று நெருக்கமானது. நாட்டின் நச்சுயிரி ஆய்வுக்குத் தலைமையிடமான தேசிய நச்சுயிரியல் நிறுவனம் 1952ஆம் ஆண்டு முதல் இந்நகரில் இயங்கி வருகிறது. தடுப்பூசி உருவாக்கும் சீரம் நிறுவனம் 1966இல் இங்கே தொடங்கப்பட்டது. 2020 சனவரியில் இந்தியாவின் முதல் கொரோனா நோயாளியின் மாதிரி கேரளத்திலிருந்து சோதனைக்கு வந்ததும் இந்நகருக்கே. ஆனால் விளையாட்டுப் பலகையில் உள்ள 48 நகரங்களுள் புனே இல்லை. மும்பையும் சென்னையும் உண்டு; அவ்விரண்டையும் ஒரு கோடு இணைக்கிறது. மும்பையிலிருந்து சென்னைக்குச் செல்லும் தொடர்வண்டி புனே வழியாகவே செல்கிறது என்பதை அறிந்த பிள்ளைகள், அக்கோட்டின் மேல் விரலை வைத்துத் தம் ஊரைத் தாமே குறித்துக்கொள்வதில் தவறில்லை.

ஆட்டத்தின் இயல்பைச் சுருக்கமாக அறிந்த பின்னரே அணியைத் தேர்வது பற்றிப் பேச இயலும். நான்கு நிறங்களில் நான்கு நோய்கள் உலகெங்கும் பரவுகின்றன. ஒரு நகரில் ஒரு நிறத்துக் கட்டைகள் மூன்றுக்கு மேல் சேர முடியாது. நான்காவது கட்டை வரும் நிலையில் நோய் வெடித்து, அந்நகரோடு இணைந்த எல்லா நகரங்களுக்கும் பாய்கிறது. இவ்வாறு எட்டு முறை வெடித்தால் ஆட்டம் தோல்வியில் முடியும். ஆடுபவர் ஒவ்வொருவரும் தம் முறை வரும்போது நான்கு செயல்கள் செய்யலாம். பின்னர் இரண்டு சீட்டுகள் எடுக்க வேண்டும். ஒரே நிறத்துச் சீட்டுகள் ஐந்தைச் சேர்த்து, ஆய்வு நிலையம் உள்ள நகரில் கொடுத்தால் அந்நோய்க்கு மருந்து கிடைக்கும். நான்கு மருந்துகளும் கிடைத்தால் வெற்றி. எடுக்கச் சீட்டு இல்லாமற் போனாலும் தோல்வியே.

இந்தக் கடைசி விதியைக் கவனிக்காமல் தோற்பவரே மிகுதி. எளிய நிலையில் ஆடினால், தொடக்கத்தில் பகிர்ந்தளித்தது போக 49 சீட்டுகள் எஞ்சும். முறைக்கு இரண்டாக எடுத்தால் அவை 24 முறைக்கே வரும். இருவர் ஆடினால் ஆளுக்குப் பன்னிரண்டு முறை. நால்வர் ஆடினால் ஆளுக்கு ஆறே முறை. ஆட்கள் கூடுவதால் காலம் கூடுவதில்லை. அணிக்கு மொத்தத்தில் ஏறக்குறைய 100 செயல்கள் மட்டுமே உண்டு; அவற்றை யார் எவ்வாறு செலவிடுகிறார் என்பதில்தான் பாத்திரத் தேர்வின் பயன் இருக்கிறது.

விளையாட்டில் ஏழு பாத்திரங்கள் உள்ளன. மருத்துவர் ஒரே செயலில் ஒரு நகரின் ஒரு நிறத்துக் கட்டைகள் அனைத்தையும் நீக்குவார். மற்றவரால் ஒரு செயலுக்கு ஒரு கட்டையைத்தான் நீக்க இயலும். தடுப்பு வல்லுநர் தாம் நிற்கும் நகரிலும் அதனோடு இணைந்த நகரங்களிலும் புதிய கட்டை விழாமல் காப்பார். அவர் சென்னையில் நின்றால் சென்னையோடு மும்பை, தில்லி, கொல்கத்தா, பாங்காக், சகார்த்தா ஆகிய ஐந்தும் காப்புப் பெறும். அறிவியலாளருக்கு மருந்து காண ஐந்துக்கு மாறாக நான்கு சீட்டுகளே போதும். ஆய்வாளர் தம் கையிலுள்ள எந்த நகரச் சீட்டையும் தம்முடன் ஒரே நகரில் நிற்பவருக்கு அளிக்கலாம். மற்றவர்கள் எந்த நகரில் சந்திக்கிறார்களோ அந்த நகரின் சீட்டை மட்டுமே கைமாற்ற முடியும். கட்டட வல்லுநர் சீட்டைச் செலவிடாமலே ஆய்வு நிலையம் அமைப்பார். போக்குவரத்து அலுவலர் பிறர் காய்களையும் நகர்த்துவார். ஏழாமவரான முன்னேற்பாட்டாளர் ஒரு முறை பயன்பட்ட நிகழ்வுச் சீட்டை மீட்டு மறுமுறை பயன்படுத்துவார். இவர் பணி நுட்பமானது. சிறுவர் அணிக்கு முதல் சில ஆட்டங்களில் இவர் தேவையில்லை.

நோயை அடக்குவோர், மருந்து தேடுவோர், வழி செய்து தருவோர் என இவர்களை மூவகையாகக் கொள்ளலாம். மருத்துவரையும் தடுப்பு வல்லுநரையும் மட்டும் கொண்ட அணியில் பலகை தூய்மையாக இருக்கும். பிள்ளைகள் தாம் வென்றுகொண்டிருப்பதாகவே எண்ணுவர். திடீரெனச் சீட்டுகள் தீர்ந்துவிடும். மருந்து ஒன்றோ இரண்டோ மட்டும் கிடைத்திருக்கும். அறிவியலாளரும் ஆய்வாளரும் மட்டும் இருந்தால் நிலை தலைகீழாகும். இரண்டு மருந்துகள் விரைவில் கிடைக்கும். அதற்குள் ஆசியா முழுவதும் வெடிப்புகள் தொடரும். மூவர் ஆடும்போது வகைக்கு ஒருவராகக் கொள்வது எளிய வழி.

ஆட்களின் எண்ணிக்கையும் தேர்வை மாற்றும். இருவர் ஆடினால் ஒருவர் கையில் ஆட்டம் முழுவதும் 28 சீட்டுகள் வரை வந்து சேரும். அவற்றுள் ஒரே நிறத்தில் நான்கு சேர்வது அரிதன்று. ஆகவே மருத்துவரும் அறிவியலாளரும் நல்ல இணை. நால்வர் ஆடினால் ஒருவர் காண்பது 14 சீட்டுகளே. அவை நான்கு நிறங்களிலும் சிதறும். நிகழ்வுச் சீட்டுகளும் இடையே வரும். தாமாகவே ஐந்தைச் சேர்க்க எவராலும் எளிதில் இயலாது. அங்கே ஆய்வாளர் இல்லாத அணி திணறும். மருத்துவரோடு போக்குவரத்து அலுவலரைச் சேர்ப்பதும் சிறந்தது. மருந்து கண்டறியப்பட்ட பின் மருத்துவர் ஒரு நகருக்குள் நுழைந்தாலே அந்நோயின் கட்டைகள் நீங்கும். அவரை அலுவலர் தம் முறையிலும் ஊர் ஊராக நகர்த்தினால் ஒரு கண்டமே தூய்மையாகிவிடும்.

விதிநூலின்படி பாத்திரங்களைக் கலைத்துப் போட்டே எடுக்க வேண்டும். பெரியவர்களுக்கு அது பொருந்தும். வயது வேறுபட்ட பிள்ளைகள் ஆடும்போது தேர்ந்து கொடுப்பதே நலம். ஏனெனில் இங்கே சமன் என்பது பாத்திரங்களுக்கு இடையில் மட்டும் அன்று. பிள்ளைகளுக்கு இடையிலும் வேண்டும். ஏழாம் வகுப்பில் படிக்கும் அக்காவும் மூன்றாம் வகுப்பில் படிக்கும் தம்பியும் ஓரணியில் அமர்ந்தால் நடப்பது என்ன? முதல் சுற்றில் அக்கா அறிவுரை கூறுவாள். இரண்டாம் சுற்றில் தம்பியின் காயைத் தானே எடுத்து வைப்பாள். மூன்றாம் சுற்றில் தம்பி பலகையைப் பார்ப்பதை விட்டுச் சாளரத்துக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பான். அணி வெல்லக்கூடும், ஆனால் ஆடியவர் ஒருவரே. கூட்டுறவு விளையாட்டுகளைப் பற்றிய பெரிய குறை இதுவே. அதை விளையாட்டின் குறை என்று தள்ளிவிடுவதில் பயனில்லை. பாத்திரத்தைக் கொடுக்கும்போதே இதைப் பெருமளவு தடுக்கலாம்.

மிக இளையவருக்கு மருத்துவர் பாத்திரம் ஏற்றது. அவர் செயலின் பயன் உடனே கண்ணுக்குத் தெரியும். மூன்று கட்டைகளை ஒரே பிடியில் அள்ளி எடுக்கும் மகிழ்ச்சி வேறெப்பாத்திரத்திலும் இல்லை. அதிகம் பேசாத பிள்ளைக்கு ஆய்வாளர் பாத்திரம் அளிக்கலாம். சீட்டு வேண்டுவோர் அனைவரும் அவரிடம் வந்து கேட்டாக வேண்டும். கேட்டால் விடை சொல்லியாக வேண்டும். அப்பா பணிமாற்றத்தில் வேறூரிலிருந்து ஆண்டின் நடுவே வந்து சேர்ந்த மாணவருக்கும் இதுவே நல்ல இடம். மத்தியப் பள்ளிகளில் அத்தகையவர் இல்லாத வகுப்பு ஏது? அடுத்தடுத்து மூன்று செயல்களை எண்ணிப் பார்க்க வல்லவருக்குக் கட்டட வல்லுநர் பொருந்துவார்.

போக்குவரத்து அலுவலரை யாரிடம் கொடுப்பது என்பதில்தான் கவனம் வேண்டும். பிறரை நகர்த்தும் ஆற்றலை, முன்பே பிறரை நகர்த்தும் இயல்புடைய மூத்த பிள்ளையிடம் கொடுத்தால் ஆட்டம் அவர் கைக்குள் போய்விடும் என்று தோன்றும். அவ்வாறு ஆகாமல் இருக்க அப்பாத்திரத்தின் விதியிலேயே ஒரு தடை உண்டு. காய்க்கு உரியவர் இசைந்தால் மட்டுமே அதை நகர்த்தலாம். மூத்த பிள்ளை இப்பாத்திரத்தை ஏற்று ஒவ்வொரு முறையும் "உன் காயை நகர்த்தலாமா?" என்று கேட்கப் பழகினால், அதுவே மேற்சொன்ன குறைக்கு மருந்து. தம்பி "வேண்டாம்" என்றால் அலுவலர் வேறு வழிதான் காண வேண்டும்.

இசைவு பற்றிய இவ்விதியைச் சிறு நுணுக்கம் என்று பலர் கடந்து செல்வர். புனே நகரின் வரலாறு அறிந்தவர் அவ்வாறு கடக்க மாட்டார். 1896இல் மும்பையில் தோன்றிய கொள்ளைநோய் 1897இன் தொடக்கத்தில் புனேயைத் தாக்கியது. தொற்றுநோய்ச் சட்டம் அவ்வாண்டு பிப்ரவரியில் இயற்றப்பட்டது. வால்டர் ராண்ட் என்னும் அதிகாரியின் கீழ் அமைந்த குழு, படைவீரர்களைக் கொண்டு வீடு வீடாகச் சோதனை நடத்தியது. பெண்கள் இருக்கும் அறைகளிலும் வீரர்கள் நுழைந்தனர். பொருள்கள் வெளியே எடுத்து அழிக்கப்பட்டன. நோயைத் தடுப்பதே நோக்கம் என்றாலும், மக்களின் இசைவைக் கேட்பார் அக்குழுவில் இல்லை. சினம் பெருகியது. சூன் 22ஆம் நாள் இரவு சாபேகர் உடன்பிறப்புகள் ராண்டைச் சுட்டனர். அவர் சூலை 3ஆம் நாள் இறந்தார்.

அதே நகரில் அதே மாதங்களில் வேறொரு சிறிய அணியும் பணியாற்றியது. 1848இல் புனேயில் பெண்களுக்குப் பள்ளி தொடங்கிய சாவித்திரிபாய் புலே, மருத்துவரான தம் வளர்ப்பு மகன் யசுவந்துடன் சேர்ந்து ஊருக்கு வெளியே நோயாளிகளுக்கு ஒரு மருத்துவமனை அமைத்தார். மகன் மருத்துவம் பார்த்தார். தாய் நோயுற்றோரைத் தேடிச் சென்று அழைத்து வந்தார். நோய் கண்ட சிறுவன் ஒருவனைத் தாமே சுமந்து வந்தபோது அவருக்கும் தொற்றியது. 1897 மார்ச் 10ஆம் நாள் அவர் காலமானார். மும்பையில் வால்டெமார் ஹாஃப்கின் என்னும் அறிவியலாளர் தாம் கண்ட கொள்ளைநோய்த் தடுப்பூசியை முதலில் தம் உடலிலேயே செலுத்திச் சோதித்ததும் அவ்வாண்டின் சனவரியில்தான். மருத்துவர், அறிவியலாளர், ஆளை அழைத்து வருபவர் என எல்லாப் பாத்திரங்களும் அன்றும் இருந்தனர். ஒரே மேசையைச் சுற்றி அவர்கள் அமரவில்லை.

மீண்டும் ஆட்டத்துக்கு வருவோம். பாத்திரங்களைக் கொடுத்த பின், பேசும் வரிசையையும் வகுத்துக்கொள்வது நல்லது. முறைக்கு உரியவர் தம் எண்ணத்தை முதலில் சொல்வார், அடுத்து இளையவர், மூத்தவர் கடைசி. புனேயில் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் சீட்டை மராத்தியில் 'பத்தே' என்றும், எண்ணுவதை இந்தியிலும், சண்டையைத் தமிழிலும் நடத்துவதைக் காணலாம். "என் முறை", "உன் கையில் என்ன நிறம்?", "நான் மும்பையில் காத்திருக்கிறேன், நீ வா" போன்ற தொடர்களைத் தமிழில் சொல்லியே ஆடுவது என்று வைத்துக்கொண்டால் சண்டையும் சற்றுக் குறையும், தமிழும் சற்றுக் கூடும்.

எல்லா இல்லங்களுக்கும் இவ்விளையாட்டு ஏற்றதன்று. அண்மைப் பெருந்தொற்றில் உறவினரை இழந்த பிள்ளை அணியில் இருக்கலாம். நோய், வெடிப்பு என்னும் சொற்கள் அப்பிள்ளைக்கு விளையாட்டுச் சொற்கள் அல்ல. முன்பே கேட்டு அறிந்து வேறொன்றைத் தேர்வதே முறை. லீக்காக் 2010இல் வெளியிட்ட 'ஃபார்பிடன் ஐலண்ட்' அதற்கு உதவும். தடைசெய்யப்பட்ட தீவு என்பது பெயரின் பொருள். மூழ்கிக்கொண்டிருக்கும் தீவிலிருந்து நான்கு புதையல்களை எடுத்துக்கொண்டு அனைவரும் தப்ப வேண்டும், விதிகளும் குறைவு. பொறியாளர் ஒரே செயலில் இரண்டு நிலத்துண்டுகளைக் காப்பார். தூதர் தொலைவில் நிற்பவருக்கும் சீட்டுக் கொடுப்பார். இவ்விருவரும் இருக்கும் அணி பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். விமானி முறைக்கு ஒரு தடவை எவ்விடத்துக்கும் பறந்து செல்லலாம் என்பதால், அப்பாத்திரத்தை எல்லாப் பிள்ளைகளும் கேட்பர். அங்கே திருவுளச் சீட்டுப் போடுவதே வழி. விமானி மட்டும் முதலில் தப்பிவிடலாமா என்றும் யாரேனும் கேட்பர். கூடாது. எல்லாரும் ஒரே தளத்தில் வந்து நின்ற பிறகே எலிகாப்டர் சீட்டைப் பயன்படுத்தித் தீவை விட்டு நீங்க முடியும். ஆட்டம் ஏறக்குறைய 30 நிமிடங்களில் முடிந்துவிடும். ஆதலால் ஒரு ஞாயிறு பிற்பகலில் பாத்திரங்களை மாற்றிக்கொண்டு மூன்று முறையாவது ஆடலாம். விமானியைக் கேட்டுக் கிடைக்காதவருக்கு இரண்டாம் ஆட்டத்தில் அதைக் கொடுத்துவிடலாம்.