கறுப்புக் காய்களின் கீர்த்தி

சதுரங்கப் பலகையை விரித்ததும், குழந்தைகள் வெள்ளைக் காய்களுக்கே சண்டையிடுவதை நாம் அன்றாடம் காண்கிறோம். அதில் நியாயமும் உண்டு. முதலில் நகர்த்தும் உரிமை வெள்ளைக்கே உரியது. கறுப்புக்காரர் ஆரம்பத்தில் பதில் சொல்லும் நிலையிலேயே இருக்கிறார். எனினும் பின்தங்கி நிற்பவர் தோற்றே ஆகவேண்டும் என்று விதியில்லை.

2013-ஆம் வருஷம் ஜனவரி மாதம், ஹாலந்து தேசத்துக் கடலோரக் கிராமமாகிய வைக் ஆன் ஸீயில் நடந்த பந்தயத்தைக் கவனியுங்கள். வெள்ளைக்கு ஆர்மீனியாவின் மகா நிபுணர் லெவோன் அரோனியன். கறுப்புக்கு நம் சென்னை விசுவநாதன் ஆனந்த். அப்போது அவர் உலக சாம்பியன். வயது நாற்பத்து மூன்று. முந்திய வருஷம் மாஸ்கோவில் கெல்ஃபாண்டுடன் சரிசமமாகப் போராடி, துரித ஆட்டங்களிலேதான் பட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டார். அவருடைய காலம் முடிந்தது என்று பேசியவர்களும் உண்டு.

பதின்மூன்றாம் நகர்த்தலில் அரோனியனின் குதிரை, கறுப்பு ராஜாவின் காவலாகிய காலாளை வெட்டி, அருகிலிருந்த யானையையும் குறிவைத்தது. ஆனந்த் அந்தக் குதிரையைத் தொடவில்லை. தம் குதிரையை எதிரி ராஜாவின் வாசலுக்கு அனுப்பினார். பதினாறாம் நகர்த்தலில் மற்றக் குதிரையையும் வெட்டுக்கு நிறுத்தினார். யானை பறிபோயிற்று; அதற்காக அவர் பதறவில்லை. மூலைவாட்டாகச் செல்லும் அவருடைய மந்திரிகள் இரண்டும் வெள்ளை ராஜாவையே நோக்கியிருந்தன. இருபத்து மூன்றாம் நகர்த்தலில் ஒரு மந்திரி, வெள்ளை ராணி தன் ராஜாவுக்குத் துணை செய்யும் வழியை அடைத்தது. அரோனியன் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

இதைக் கண்ட ரசிகர்களுக்கு 1907-இல் லோட்ஜ் நகரில் ரூபின்ஸ்டைன் கறுப்புக் காய்களால் ராட்லெவியை வென்ற ஆட்டம் நினைவுக்கு வந்தது. அங்கும் இரு மந்திரிகளே ராஜாவை நெருக்கின. அங்கும் பெருங் காய்கள் தியாகம் செய்யப்பட்டன. நூறாண்டு கழிந்தும் ஒரு நல்ல கருத்து மூப்படையவில்லை!

அவ்வருஷம் நவம்பரில், சென்னையிலேயே, கார்ல்ஸனிடம் ஆனந்த் பட்டத்தை இழந்தார். அதனால் ஜனவரியின் ஒளி மங்கிவிட்டதா? இல்லை. பட்டம் கைமாறும், அழகிய ஆட்டம் ஆடியவருடையதாகவே நிலைத்திருக்கும்.

ஆனந்துக்கு ஆறு வயதில் இவ்வாட்டத்தைக் கற்பித்தவர் அவர் தாயார் சுசீலா அம்மையார். நம் இல்லங்களிலும் தாய்மார் மாலையில் பலகையை விரிக்கட்டும். கறுப்புக் காய்கள் பங்குக்கு வந்த குழந்தை முகம் சுளித்தால், இந்தக் கதையைச் சொல்லட்டும்.