தானுந்துச் சக்கர அளவு மாற்றம்

தானுந்துச் சக்கர அளவு மாற்றம் என்பது, தானுந்து ஒன்றில் உற்பத்தியாளர் பொருத்திய சக்கரங்களை நீக்கி, அவற்றைவிடப் பெரிய விட்டமுடைய ரிம்களையும் அவற்றுக்குரிய டயர்களையும் பொருத்துவதாகும். பெரும்பாலும் தோற்றத்துக்காகச் செய்யப்படும் இம்மாற்றம், வண்டியின் ஓட்டத்தையும் பாதுகாப்பையும் பாதிக்கிறது. ரிம் பெரிதாகும் அளவுக்கு டயரின் பக்கச்சுவர் குறைந்து, சக்கரத்தின் மொத்த விட்டம் மாறாதிருப்பதே இதன் அடிப்படை விதி ஆகும்.

அளவுக் குறியீடு

டயரில் 195/65 ஆர்15 எனக் குறிக்கப்பட்டிருந்தால், 195 என்பது மில்லிமீட்டரில் அதன் அகலம். 65 என்பது அகலத்தின் விழுக்காடாகப் பக்கச்சுவரின் உயரம். ஆர் என்பது ரேடியல் வகை. 15 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். இச்சக்கரத்தின் மொத்த விட்டம் 634.5 மி.மீ. ஆகும். 225/45 ஆர்17 டயரின் மொத்த விட்டம் 634.3 மி.மீ. என்பதால், அளவைப் பொறுத்தவரை இது ஏற்ற மாற்று. 215/60 ஆர்17 டயரின் விட்டமோ ஏறத்தாழ 690 மி.மீ. ஆகும்.

விட்டம் மாறாதபோது

மேற்கண்ட ஏற்ற மாற்றில் பக்கச்சுவரின் உயரம் 127 மி.மீ.இலிருந்து 101 மி.மீ. ஆகக் குறைகிறது. குட்டையான சுவர் குறைவாக வளைவதால் திசைமாற்றியின் அசைவுக்கு வண்டி விரைவாக இணங்குகிறது. ஆனால் அதிர்ச்சியை உள்வாங்கும் திறன் குறைகிறது. பள்ளத்தில் வேகமாக இறங்கினால், ரிம்முக்கும் பள்ளத்தின் விளிம்புக்கும் இடையே டயர் நசுங்கிக் கிழியக்கூடும், ரிம்மும் வளையலாம். அகன்ற டயர், தேங்கிய மழைநீரின் மேல் குறைந்த வேகத்திலேயே மிதந்து வழுக்கக்கூடும்.

விட்டம் கூடும்போது

வேகமானி சக்கரத்தின் சுழற்சியைக் கொண்டே வேகத்தைக் கணிக்கிறது. சரியாக இயங்கும் வேகமானி உள்ள வண்டியில் 690 மி.மீ. சக்கரம் பொருத்தப்பட்டால், அது மணிக்கு 80 கி.மீ. எனக் காட்டும்போது உண்மை வேகம் ஏறத்தாழ 87 கி.மீ. ஆக இருக்கும். பிரேக்கை முன்போலவே அழுத்தினாலும், சாலையில் கிடைக்கும் தடுப்பு விசை சுமார் 8 விழுக்காடு குறையும். வண்டியின் ஈர்ப்பு மையமும் ஏறத்தாழ 28 மி.மீ. உயரும். சக்கரங்களைத் திருப்பும்போது டயர் உடற்கூட்டில் உரசவும் வாய்ப்புண்டு.

சுமைக் குறியெண்

டயர் தாங்கக்கூடிய சுமையை ஓர் எண் குறிக்கிறது. எடுத்துக்காட்டாக, 91 என்பது ஒரு டயருக்கு 615 கி.கி. ஆகும். புதிய டயரின் குறியெண் உற்பத்தியாளர் குறிப்பிட்டதைவிடக் குறையக்கூடாது. குறைந்தால், முழுச் சுமையுடன் நெடுந்தூரம் ஓடும்போது டயர் சூடேறி வெடிக்கலாம். ஏற்கத்தக்க அளவுகளும் காற்றழுத்தமும் பல தானுந்துகளில் ஓட்டுநர் கதவருகே ஒட்டப்பட்டிருக்கும்.