ஹெட்போன் கெட்டுப்போகவில்லை... ‘கலிஃபோர்னிகேஷன்’ சிடி கரகரப்பது ஏன்?

ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் குழுவின் ‘கலிஃபோர்னிகேஷன்’ ஆல்பம் 1999 ஜூன் மாதம் வெளிவந்தது. உலகம் முழுக்க ஒன்றரைக் கோடி பிரதிகளுக்கு மேல் விற்றது. அதிலிருக்கும் ‘ஸ்கார் டிஷ்யூ’ பாட்டு சிறந்த ராக் பாடலுக்கான கிராமி விருதையும் வாங்கியது. இவ்வளவு கொண்டாடப்பட்ட ஆல்பத்தின் சிடியை ஒரு நல்ல ஹெட்போனில் போட்டுக் கேளுங்கள். முதல் பாட்டிலேயே சத்தத்தின் ஓரங்களில் ஒரு கரகரப்பு கேட்கும். ஹெட்போன் போயிடுச்சா, சிடியில் கீறலா என்று சந்தேகம் வரும். இரண்டும் இல்லை. அந்தக் கரகரப்பு பதிவிலேயே இருக்கிறது. ‘இதைத் திருத்தி மறுபடி வெளியிடுங்கள்’ என்று ரசிகர்கள் இணையத்தில் கையெழுத்து இயக்கமே நடத்தினார்கள்.

பாட்டு எழுதியவர்கள் மேலோ, வாசித்தவர்கள் மேலோ யாருக்கும் புகார் இல்லை. கோபமெல்லாம் சிடியை அச்சடிக்கும் முன் நடக்கும் கடைசி வேலையான மாஸ்டரிங் மேல்தான்.

சிடிக்கு ஒரு கூரை உண்டு

சிடியில் ஒலி எண்களாகப் பதிவாகிறது. ஒரு விநாடிக்கு 44,100 முறை ஒலி அலையின் உயரம் அளக்கப்படுகிறது. அந்த உயரத்தைக் குறிக்க மொத்தம் 65,536 படிகள். மிக மெல்லிய ஒலிக்கும் மிகப் பெரிய ஒலிக்கும் இடையே சுமார் 96 டெசிபல் இடைவெளியை அது தாங்கும். ராக் இசைக்கு இது தாராளமான இடம்.

ஆனால் கடைசிப் படிக்கு மேலே எதுவுமே கிடையாது. அலை அதைத் தாண்டி எழ முயன்றால் உச்சி வெட்டுப்பட்டு மட்டமாகிவிடும். படியில் அரிசியைக் குவித்து அளந்துவிட்டு, கடைக்காரர் கையால் தலைதட்டுவாரே, அதே மாதிரி. வழித்துவிட்ட அரிசி போனது போனதுதான். ஒலியில் இன்னொரு தொல்லையும் உண்டு. மட்டமாக வெட்டுப்பட்ட அலை, மூல இசையில் இல்லாத புதிய அதிர்வுகளை உண்டாக்கும். நம் காதில் விழும் கரகரப்பு அதுதான். ஒலிப்பதிவுக்காரர்கள் இதை ‘கிளிப்பிங்’ என்கிறார்கள்.

அளவைத் தாண்டாமல் சத்தத்தைக் கூட்ட ஒரு வழி இருக்கிறது. ‘கம்ப்ரெஸர்’, ‘லிமிட்டர்’ என்ற கருவிகளால் முதலில் உச்சங்களை அமுக்கி, பிறகு மொத்தத்தையும் மேலே தூக்குவது. மெல்லியதும் பெரியதும் கிட்டத்தட்ட ஒரே உயரத்துக்கு வந்துவிடும். அளவோடு செய்தால் பாட்டுக்கு நல்லது, எல்லா ஆல்பங்களிலும் இது நடக்கிறது. அளவு மீறினால், ட்ரம் அடி முன்னால் பாயாமல் சுவரில் முட்டியதுபோல் நின்றுவிடும். ‘ஆடாசிட்டி’ மாதிரி ஒரு இலவச மென்பொருளில் இந்த ஆல்பத்தின் பாட்டு ஒன்றைத் திறந்து பாருங்கள். மேடும் பள்ளமுமாகத் தெரிய வேண்டிய படம், செங்கல்லைப் படுக்க வைத்த மாதிரி இருக்கும்.

இந்த ஆல்பத்தில் ஏன் அதிகம் வலிக்கிறது?

கிடார் கலைஞர் ஜான் ஃப்ருஷியான்டே 1992-இல், ஜப்பான் சுற்றுப்பயணத்தின் நடுவே குழுவை விட்டுப் போனார். அடுத்த ஆண்டுகளை ஹெராயின் விழுங்கியது. 1998-இல் சிகிச்சை எடுத்து மீண்டு, அதே ஆண்டு குழுவுக்குத் திரும்பினார். அவர் இல்லாமல் 1995-இல் வந்த ‘ஒன் ஹாட் மினிட்’ எதிர்பார்த்த அளவு எடுபடவில்லை. குழுவின் முதல் கிடார் கலைஞர் ஹில்லெல் ஸ்லோவாக் 1988-இல் ஹெராயினால்தான் இறந்தார் என்பதை நினைத்தால், இந்தத் திரும்புதலின் கனம் புரியும். ‘அதர்சைடு’ பாட்டு பேசுவதும் போதையோடு நடக்கும் அந்தப் போராட்டத்தைத்தான்.

திரும்பி வந்த ஃப்ருஷியான்டேவின் வாசிப்பு சிக்கனமானது. இரண்டு மூன்று சுரங்கள், நடுவே நிறைய வெற்றிடம். ‘ஸ்கார் டிஷ்யூ’வின் தொடக்கத்தைக் கேட்டால் இது உடனே பிடிபடும். தலைப்புப் பாட்டில் வரும் கிடார் தனி ஆவர்த்தனத்திலும் வேகம் காட்டும் முயற்சியே இல்லை. இப்படி வெற்றிடத்தை நம்பிக் கட்டிய இசையில், வெற்றிடத்தையும் இழுத்து மேலே ஏற்றிவிட்டார்கள். என்னைக் கேட்டால், கரகரப்பைவிட இதுதான் பெரிய நஷ்டம். காதைத் தேய்க்கும் ஒரு வரியைப் பொறுத்துக்கொள்ளலாம். மூச்சு விட இடமில்லாத 56 நிமிடம் அலுப்பாகிவிடுகிறது. பாட்டெல்லாம் பிடித்திருந்தும் முழு ஆல்பத்தையும் ஒரே மூச்சில் கேட்க முடியவில்லை என்று பலர் சொல்வதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

தயாரிப்பாளர் ரிக் ரூபின், மாஸ்டரிங் செய்தவர் விளாடோ மெல்லர் என்று ஆல்பத்தில் பெயர் இருக்கிறது. இணையத்தில் வசவெல்லாம் இந்த இருவருக்குத்தான். ஆனால் இது ஓரிருவர் வீம்புக்குச் செய்த காரியம் இல்லை. அந்தக் காலத்து மொத்தத் தொழிலும் அந்தத் திசையில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

சத்தத்துக்கு ஏன் போட்டி?

ஒரே பாட்டை இரண்டு முறை, இரண்டாம் முறை கொஞ்சம் சத்தமாகப் போட்டால், பெரும்பாலோர் இரண்டாவதுதான் ‘நல்லா இருக்கு’ என்பார்கள். ஒலி மெல்லியதாக இருக்கும்போது நம் காது தாழ்ந்த, உயர்ந்த சுரங்களைக் குறைவாகவே பிடிக்கும், சத்தம் கூடினால் அவையும் கேட்கும் என்பதை ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். இசை நிறுவனங்களுக்கு இது புரிந்திருந்தது. கார் பிளேயரில் அடுத்தடுத்து ஓடும் சிடிகளில் நம்முடையது மட்டும் மெலிந்து கேட்டால்? அந்தப் பயம்தான் ஒவ்வொரு ஆல்பத்தையும் முந்தையதைவிட ஒரு படி மேலே தள்ளியது.

வினைல் தட்டில் இதற்கு இயற்கையான தடை இருந்தது. சத்தம் கூடினால் பள்ளத்துக்கு அகலம் வேண்டும், தட்டில் இடம் குறையும், முள் தாவும். சிடியில் அந்த மாதிரி தடை இல்லை. 1995-இல் வந்த ஒயாசிஸ் குழுவின் ‘(வாட்ஸ் த ஸ்டோரி) மார்னிங் க்ளோரி?’ ஆல்பத்தைப் பலரும் ஒரு திருப்பமாகச் சொல்வார்கள். அதற்கு நான்கு ஆண்டு கழித்து வந்தது ‘கலிஃபோர்னிகேஷன்’. 2008-இல் மெட்டாலிகாவின் ‘டெத் மேக்னடிக்’ வந்தபோது விஷயம் வீதிக்கே வந்துவிட்டது. அதே பாட்டுகள் ‘கிடார் ஹீரோ’ வீடியோ கேமில் சிடியைவிடத் தெளிவாகக் கேட்டதைக் கண்டுபிடித்தவர்கள் ரசிகர்கள்தான்.

வேடிக்கை என்னவென்றால், இந்தப் போட்டியால் ரேடியோவில் பெரிய லாபமே கிடையாது. ரேடியோ நிலையங்கள் எல்லாப் பாட்டையும் தங்கள் கருவியில் போட்டு ஒரே அளவுக்கு அமுக்கித்தான் அனுப்புகின்றன.

இப்போது போனில் கேட்டால்?

சத்தத்தை நம் காது உணரும் விதத்திலேயே அளக்கும் ஒரு முறையை சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006-இல் வெளியிட்டது. அதன் அலகு எல்யூஎஃப்எஸ். ஸ்பாட்டிஃபை, யூடியூப் இரண்டுமே சுமார் மைனஸ் 14 என்ற அளவை வைத்திருக்கின்றன. மைனஸ் 6-இல் ஒரு பாட்டு வந்தால் ஆப் அதை 8 டெசிபல் இறக்கிவிடும். ஆக, இரைச்சலாகச் செய்த பாட்டுக்கு இன்று எந்தச் சலுகையும் இல்லை. பக்கத்தில் நிதானமாகச் செய்த பாட்டு அதே சத்தத்தில், ட்ரம் அடி துள்ள ஒலிக்கும். அமுக்கிய பாட்டு இறங்கிய பிறகும் வெட்டுப்பட்டபடியே, சப்பையாகக் கேட்கும். தலைதட்டிய அரிசியை ஆப் திரும்பக் கொண்டுவர முடியாதே.

‘கலிஃபோர்னிகேஷன்’ 2012-இல் புதிதாக மாஸ்டரிங் செய்யப்பட்டு வினைலில் வந்தது. சிடியோடு ஒப்பிட்டால் நன்றாக மூச்சு விடுகிறது என்பது ரசிகர்களின் பொதுவான கருத்து. இதற்காக எந்த வினைலும் நல்ல வினைல் என்று நம்பிவிடக் கூடாது. சிடிக்குச் செய்த அதே பதிவை அப்படியே தட்டில் வெட்டினால், விலை மட்டும்தான் கூடும்.

பழைய சிடி வாங்குகிறவர்கள் ‘ரீமாஸ்டர்டு’ என்ற ஸ்டிக்கரைப் பார்த்து மயங்க வேண்டாம். பல நேரம் அதற்கு ‘முன்பைவிட அதிகச் சத்தம்’ என்றுதான் அர்த்தம். நிர்வாணாவின் ‘நெவர்மைண்ட்’ நல்ல உதாரணம். 2011-இல் வந்த 20-ஆம் ஆண்டு பதிப்பைவிட, 1991-இல் வந்த பழைய சிடியில்தான் ட்ரம் அடி துள்ளும். செகண்ட் ஹேண்ட் கடையில் இரண்டும் கிடைத்தால் பின்னட்டையில் ஆண்டைப் பாருங்கள். இரண்டையும் ஒப்பிட்டுக் கேட்கும்போது, சத்தமாக இருப்பதன் வால்யூமைக் கொஞ்சம் குறைத்து, இரண்டையும் சமமாக்கிக்கொண்டு கேளுங்கள். இல்லையென்றால் காது சத்தமானதற்குத்தான் ஓட்டுப் போடும்.