பாதி நேரம், கால்வாசி நெரிசல்

விரைவுச்சாலையில் ஒரு காரின் டயர் வெடித்து நின்றால் அது அந்தக் காரோட்டியின் பாடு என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். ஸ்டெப்னியை அவரே மாட்டிக்கொள்ளட்டும், இல்லையென்றால் மெக்கானிக்கைக் கூப்பிடட்டும். கலிஃபோர்னியா மாநிலம் அப்படி விட்டுவிடவில்லை. 1991இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கி, நெரிசல் மிகுந்த விரைவுச்சாலைகளில் தனியார் ரெக்கவரி வண்டிகளை ஒப்பந்தத்தில் அமர்த்தி ரோந்து சுற்ற வைத்திருக்கிறது. அவை காசு வாங்காமல் டயர் மாற்றித் தருகின்றன, கொஞ்சம் பெட்ரோல் ஊற்றுகின்றன. வண்டி கிளம்பவே இல்லையென்றால் சாலைக்கு வெளியே இழுத்துப்போய் விடுகின்றன. சிகாகோவில் இத்தகைய ரோந்து 1960களிலேயே வந்துவிட்டது. இதைக் கருணைத் திட்டமாக மட்டும் பார்ப்பவர்கள் அதன் கணக்கைப் பார்க்கவில்லை. உதவி ஒருவருக்கு, பலன் அவருக்குப் பின்னால் வரும் ஆயிரக்கணக்கானோருக்கு.

மூன்று தடங்களில் ஒன்று அடைபட்டால் சாலையின் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்குதான் குறையும் என்று தோன்றும். உண்மையில் பாதி போய்விடுகிறது. அமெரிக்கப் போக்குவரத்துப் பொறியாளர்களின் கொள்ளளவுக் கையேடு, மிஞ்சுவது 49 சதவீதம் என்கிறது. ஒரு பக்கத்துக்கு இரண்டே தடங்கள் உள்ள சாலையில் ஒன்று அடைபட்டால் மிஞ்சுவது வெறும் 35. அடைபட்ட தடத்து வண்டிகள் பக்கத்தில் நுழைய முண்டுகின்றன, இடம் விடுபவர் பிரேக் போடுகிறார், கடந்து போகிறவர் என்ன ஆயிற்று என்று எட்டிப் பார்க்கிறார். விபத்துக்குள்ளான வண்டியை ஓரங்கட்டி எல்லாத் தடங்களும் திறந்திருந்தால்கூட, ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு கொள்ளளவு போய்விடுகிறது.

மணிக்கு 6,000 வண்டிகள் போகக்கூடிய சாலையில் 5,000 வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒரு தடம் அடைபட்டு 3,000 மட்டுமே போக முடிந்தால், அரை மணி நேரத்தில் 1,000 வண்டிகள் தேங்கிவிடும். தடையை அகற்றிய பிறகும் மணிக்கு 1,000 வண்டிகளுக்குத்தான் கூடுதல் இடம் உண்டு. தேக்கம் கரைய இன்னும் ஒரு மணி நேரம். எல்லோரும் இழந்த நேரத்தைக் கூட்டினால் 750 மணி. அதே தடையைக் கால் மணி நேரத்தில் அகற்றினால் தேங்குவது 500 வண்டிகள், கரைய அரை மணி, மொத்த இழப்பு ஏறத்தாழ 188 மணி. தடை நீடிக்கும் நேரம் பாதியானால் இழப்பு கால்வாசியாகிறது, ஏனென்றால் தேங்கும் வண்டிகளும் அவை காத்திருக்கும் காலமும் சேர்ந்தே குறைகின்றன. ரோந்து வண்டியின் நியாயம் இந்த வர்க்க உறவில்தான் இருக்கிறது.

எல்லோரிடமும் கைபேசி இருக்கும்போது சுற்றிக்கொண்டே இருப்பானேன் என்று கேட்கலாம். கைபேசி குறைத்தது தகவல் சேரும் நேரத்தை மட்டும்தான். அழைப்பு வந்த பிறகு புறப்படும் வண்டி, அந்தத் தடை உண்டாக்கிய வரிசையின் வாலிலேயே போய் மாட்டிக்கொள்கிறது. காப்பீட்டு நிறுவனங்கள் அனுப்பும் உதவியாளருக்கோ கடமை வாடிக்கையாளரிடம்தான், சாலையிடம் இல்லை. பெட்ரோல் அளவைப் பார்க்காமல் கிளம்பியவருக்கு ஏன் வரிப்பணம் என்பது இன்னும் வலுவான கேள்வி. அவருக்கு அபராதம் விதிப்பதானால் பிறகு விதிக்கலாம். தடத்தில் வண்டியை நிறுத்தி வைத்துக்கொண்டு கூலி பேசினால், அந்த அபராதத்தைக் கட்டுவது பின்னால் நிற்பவர்கள்.

வண்டிகள் குறைவாக ஓடும் சாலைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது என்ற மறுப்பை ஏற்கத்தான் வேண்டும். மணிக்கு 2,000 வண்டிகள் வந்தால், பாதிச் சாலை அடைபட்டாலும் வரிசை உருவாகாது. ஆனால் அங்கே ஆபத்து வேறு விதமானது. இரவில் பழுதாகி நின்ற லாரியின் பின்னால் கார் மோதிய செய்தியை எத்தனை முறை படித்திருக்கிறோம்! அங்கு நெரிசலைவிட உயிர்தான் கணக்கு. டயரை மாற்றுவதற்கு முன்பே ஒளிரும் கூம்புகளை வைத்து, லாரி நிற்பதைத் தொலைவிலேயே காட்ட ஆள் வேண்டும்.

நம் தேசிய நெடுஞ்சாலைகளில் 1033 என்ற உதவி எண் இருக்கிறது. சுங்கச் சாலைகளில் ரோந்து வண்டியும் கிரேனும் ஆம்புலன்ஸும் இருக்கின்றன. அவை எங்கே, எப்போது நிற்கின்றன என்பதில்தான் பலன். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தாம்பரம் முதல் செங்கல்பட்டு வரை சாலை ஏற்கெனவே கொள்ளளவின் விளிம்பில் இருக்கும். அந்த நாட்களில் ரெக்கவரி வண்டி அழைப்புக்குக் காத்திராமல் சாலையிலேயே இருக்க வேண்டும். விபத்துகள் மிகுந்த தொப்பூர் கணவாய் இறக்கத்திலோ ஆண்டு முழுவதும் இருக்க வேண்டும். தடம் அடைபட்டதிலிருந்து திறந்தது வரை எத்தனை நிமிடம் ஆனது என்பதைச் சுங்கச்சாவடிவாரியாக மாதந்தோறும் வெளியிட்டால், கட்டணம் கட்டும் ஓட்டுநரால் அந்தச் சேவை கிடைத்ததா என்று கேட்க முடியும்.